நடுப்பாய்

பாய் சூடாக இருந்தது.

குளோரியா கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்த அந்த மண்டபத்தில் தரை சில்லிட்டுக் கிடந்தது, வெறுங்கால் விறைத்தது, சுவரோரம் சுருட்டி வைத்திருந்த ரப்பர் பாய்கள்கூடத் தொட்டால் குளிர்ந்தன; நடுவில் விரித்திருந்த பழைய மெங்குவாங் ஓலைப் பாய் மட்டும், யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்துபோன இடத்தைப் போல வெதுவெதுப்பாக இருந்தது. அதில் யாரும் உட்காருவதில்லை. அன்று சாவி வாங்கி வந்து கதவைத் திறந்தவர்களே அவளும் அவள் கணவன் சிரிலும்தான்.

குனிந்து முகர்ந்தாள். தாழை ஓலை வாசம். அதற்கு அடியில் இன்னொன்று. பங்சாரில் ஒரு பல் கிளினிக்கில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கிறவள் அவள். பல் பிடுங்கிய வாயிலிருந்து வருமே, துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்ததைப் போல ஒரு வாடை, அது.

"என்ன குளோரி, பாயோட பேசிட்டு இருக்க?" பின்னால் சிரில் நின்றான்.

"சூடா இருக்குங்க."

"எல்லாரோட கோபமும் அங்கதான கிடக்கு. சூடாத்தான் இருக்கும் லா."

சிரித்தான். அவன் சிரிப்பை அவள் இன்னும் பழகிக்கொண்டிருந்தாள்.

அது பிரிக்ஃபீல்ட்ஸில், பூக்கடைகளுக்கும் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கும் மேலே, மூன்றாம் மாடி. சனிக்கிழமைதோறும் கூட்டுத் தியானம். சர்ச்சுக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஜவுளிக்கடை நூர் முகம்மது மக்ரிப் தொழுதுவிட்டு வரவேண்டும் என்பதற்காகவே இருட்டிய பிறகு தொடங்கினார்கள். நடத்துகிறவர் சுகுமாறன், பிசியோதெரபி பார்க்கிறவர். குரு என்று யாராவது வாயெடுத்தால், "அண்ணேன்னு கூப்பிட்டா போதும், எனக்கு முதுகு பிடிக்கத்தான் தெரியும்," என்பார்.

அங்கே இரண்டு வழக்கம். உட்காரும் முன் ஒவ்வொருவரும் நடுப்பாயின் முன் மண்டியிட்டு, உள்ளங்கைகளை அதில் பதித்து, அந்த வாரத்துக் கோபத்தை நினைத்து ஒருமுறை நீளமாக மூச்சை விடவேண்டும். இறக்கி வைப்பது என்று அதற்குப் பெயர். பிறகு சுற்றி உட்கார்ந்து கண்ணை மூடினால், முடிவு மணி அடிக்கும்வரை திறக்கக்கூடாது. நடுவில் எது கேட்டாலும், எது வலித்தாலும், அதற்கு ஒரு பெயர் சொல்லி விட்டுவிடவேண்டும். கால் மரத்தால் வலி. வெளியே மோனோரயில் போனால் சத்தம். அவ்வளவுதான்.

"பாதியில கண்ணைத் திறந்தா, இறக்கி வெச்சது நம்ம கூடவே வீட்டுக்கு வந்துரும்," என்பார் சுகுமாறன். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சிரில் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் அவளைக் கூட்டி வந்தபோதே படிக்கட்டில் நிறுத்திச் சொன்னான். "என்ன ஆனாலும் கண்ணைத் திறந்துராத, குளோரி. உனக்காகச் சொல்லல. எனக்காகச் சொல்றேன்."

சிரில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். கை கனம். வலது கையில் ஒரு வெள்ளி மோதிரம் போட்டிருப்பான். அறை விழும்போது முதலில் உள்ளங்கைச் சத்தம், உடனே தாடை எலும்பில் மோதிரம் படும் சத்தம், டிக் என்று. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் காதுக்குள் குடியேறிவிட்ட சத்தம். இந்தப் பாயில் கை வைக்கத் தொடங்கியபின் அவன் அந்த மோதிரத்தைக் கழற்றி அலமாரியில், ஜெபமாலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். எட்டு மாதம் ஆயிற்று. ஒரு அடி இல்லை. சோறு குழைந்தாலும் இல்லை. ஜாமில் ஐந்து மணி நேரம் நின்றுவிட்டு வந்த ராத்திரியிலும் இல்லை.

இதைப் பிராண்டன் பார்க்கவேண்டும்.

மகன் வீட்டைவிட்டுப் போய் மூன்று வருடம். கிள்ளானில் அவள் அக்கா சாந்தமேரி வீட்டில் இருந்துகொண்டு, மேருவில் ஒரு கையுறை ஃபேக்டரிக்குப் போகிறான். அவன் வீட்டைவிட்டுப் போன அந்த ராத்திரி, சிரில் அவனை ஃபிளாட்டின் படிக்கட்டிலிருந்து தள்ளியிருந்தான். அன்றிலிருந்து பிராண்டன் உட்காரும்போதும் எழும்போதும் அவன் வலது முட்டி சொடுக்குப் போடுவதைப் போலச் சத்தம் கொடுக்கும். முட்டியாவது அன்று வந்தது. சின்னப் பிள்ளையிலிருந்தே இருந்தது இன்னொரு பழக்கம். தண்ணீர் குடிக்க சிரில் கையைத் தூக்கினாலும் போதும், இவன் முழங்கை தானாக முகத்துக்கு நேரே எழும்பிவிடும்.

"அவரு நடிக்கிறாரும்மா," என்றான் ஃபோனில்.

"எட்டு மாசம் யாராவது நடிப்பாங்களாடா? ஒரே ஒரு தடவ வந்து உக்காரு. பிடிக்கலன்னா போயிட்டே இரு."

"வரேன். ஆனா கை ஓங்கினாரு, நேரா போலீஸ் பாலாய்ல ரிப்போர்ட்தான். சொல்லிட்டேன்."

"மாறிட்டாருன்னா?"

"மாறிட்டாருன்னா பேக்கைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துர்றேன். போதுமா?"

அதற்காகத்தான் அவள் அன்று கிளினிக்கில் சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பி வந்திருந்தாள்.

மண்டியிட்டு இரண்டு கையையும் பாயில் பதித்தாள். முதல் வாரம் அவளுக்கு ஒன்றுமே வரவில்லை. இரண்டாம் வாரம் சிரில் வந்தான். மூன்றாம் வாரம் வந்தது அவள் எதிர்பாராதது. என்னை அந்த ஆளோட தனியா விட்டுட்டுப் போயிட்டியேடா. மகன்மேல் இத்தனை கோபம் இருந்தது அவளுக்கே தெரியாது. அன்று நெஞ்சு காலியாகும்வரை விட்டாள். இன்று கொஞ்சம்தான் பாக்கி. அதையும் விட்டாள்.

உள்ளங்கைக்குக் கீழே பாய் லேசாக உப்பித் தணிந்தது. ஓலைப் பின்னல்தானே என்று எழுந்துகொண்டாள்.

பிராண்டனுக்காகக் கதவோரம் ஒரு ரப்பர் பாயை விரித்து வைத்தாள்.

ஆட்கள் வந்தார்கள். நூர் முகம்மது தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வந்தார். அவர் மனைவி ஆரிஃபா பின்னால் மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"இவரு கடையில நிக்கிறதப் பாக்கணும் நீங்க, குளோரியாக்கா. புலி. இங்க வந்தா பிள்ளப்பூச்சி."

"ஒரு அம்மா அறுபது புடவையைப் பிரிக்கச் சொல்லிட்டு, கைக்குட்டை இருக்கான்னு கேக்குது. நீயே சொல்லு, புலியாவேனா மாட்டேனா?" என்றார் நூர் முகம்மது.

"அந்தம்மாவ இன்னிக்குப் பாயில இறக்கி வெச்சுருங்க," என்றாள் ஆரிஃபா.

"அந்தம்மாவ இறக்கணும்னா லோரி வேணும். சிரில், உன் வண்டி கீழ நிக்குதா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரில் வாய்விட்டுச் சிரித்தான். ஒவ்வொருவராக மண்டியிட்டார்கள். நூர் முகம்மது. ஆரிஃபா. ரிட்டயரான டீச்சர் இராஜம்மா, முட்டி வலியால் ஒரு கையை மட்டும் வைத்து. பெயர் தெரியாத இன்னும் பலர். ஒவ்வொரு கையின் கீழும் பாய் உப்பித் தணிந்தது. மற்ற யாரும் அதைப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

ஃபோன்களைக் கூடையில் போடும் முன் பிராண்டனின் செய்தி வந்தது. கொமுட்டர் ரயில் லேட், பெட்டாலிங்கில் நிற்கிறது, வந்துவிடுகிறேன்.

அவள் தலையைத் தூக்கியபோது கதவோரப் பாயில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தான். ஆரிஃபா கூட்டி வந்த யாரோ. வேறு பாய் மிச்சமில்லை. வளையமே நிறைந்திருந்தது. விளக்குகள் அணைந்தன. மூலையில் ஒரு சிறு விளக்கு மட்டும்.

"அண்ணே, என் பையன்..."

தொடக்க மணி அடித்தது. சுகுமாறன் மணியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். இனிப் பேசக்கூடாது. சிரிலின் முட்டி அவள் முட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பையன் வந்தால் கதவுப் பக்கம் வெறுந்தரையில் உட்கார்ந்துகொள்வான் என்று நினைத்துக்கொண்டாள்.

கண்ணை மூடினாள்.

"உள்ளே," என்றார் சுகுமாறன். "வெளியே."

ஏர்கோன் முனகியது. கீழே கடையில் சாம்பிராணி போட்டிருந்தார்கள், அந்தப் புகையும் எண்ணெய் காயும் வாசமும் படிக்கட்டு வழியே மேலே ஏறி வந்தன. மோனோரயில் வளைவில் திரும்பும் கீச்சொலி வந்து, நீண்டு, ரயில் நிலையத்துப் பக்கம் கரைந்தது. சத்தம், என்று சொல்லி விட்டாள். சுற்றிலும் இருபது பேரின் மூச்சு ஒரே ஆளின் மூச்சைப் போல ஏறி இறங்கியது. சிரிலின் மூச்சை அதில் தனியே பிரித்துக் கேட்க முடிந்தது. ஆழம். சீர். ராத்திரிகளில் பயந்து பயந்து அவள் கேட்டுக்கொண்டு கிடந்த மூச்சா இது.

கதவு திறந்தது.

ஃபேக்டரி வாசம். ரப்பர் பாலும் குளோரினும் பவுடரும் கலந்த வாசம். எத்தனை குளித்தாலும் பிராண்டன் தோலைவிட்டுப் போகாது.

"மா?" மெதுவாக.

வாய் திறக்கக்கூடாது. அவள் புன்னகை செய்தாள். இருட்டில் அவனுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

காலுறைக் கால்கள் தரையில் உரசின. நின்றன. இடம் தேடுகிறான். கதவோரத்திலேயே உட்காருடா. மறுபடி உரசின. அவளுக்கும் சிரிலுக்கும் பின்னால் வந்தான். யாருடைய தியானத்தையும் கெடுக்காமல், கால் நுனியில், இருவர் தோள்களுக்கு நடுவே நுழைந்து, உள்ளே போனான்.

வளையத்துக்குள்ளே ஒரே ஒரு பாய்தான் காலியாக இருந்தது.

முட்டி சொடுக்கியது.

ஓலை நறநறத்தது.

உட்கார்ந்துவிட்டான்.

ஒரு பாய்தானே, என்றாள் தனக்குள். பழைய பாய். யாரோ ஏற்படுத்திய ஒரு வழக்கம். அவனுக்கு யார் சொன்னார்கள், அவனைக் குறை சொல்ல.

"உள்ளே."

எல்லாரும் இழுத்தார்கள்.

"வெளியே."

எல்லாரும் விட்டார்கள். விடும்போது நடுவில் ஒரு சத்தம். ஈரத்துணியைக் கல்லில் அடித்ததைப் போல.

"சத்தம்," என்று இராஜம்மா முணுமுணுத்தாள்.

"சத்தம்," என்றது இன்னொரு குரல்.

"உள்ளே. வெளியே."

இம்முறை நிறையச் சத்தங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. கை. முட்டி. குதிகால். யாரோ 'ஹக்' என்றார்கள். அடிவயிற்றில் விழுந்தால் வரும் 'ஹக்'. அதற்குப் பிறகு, தனியாக, தெளிவாக,

டிக்.

சிரிலின் முட்டி இன்னும் அவள் முட்டியைத் தொட்டபடியே இருந்தது. அவன் அசையவில்லை. துளி அசையவில்லை. மோதிரம் வீட்டில் ஜெபமாலைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. காலையில்கூடப் பார்த்தாளே.

சத்தம், என்றாள். சத்தம், சத்தம்.

கண்ணைத் திறந்தால் எல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். எட்டு மாதமும் போய்விடும். அந்தக் கை வந்துவிடும். பிராண்டனும் வரமாட்டான். இன்னும் கொஞ்ச நேரம். மணி அடித்துவிடும்.

"உள்ளே. வெளியே."

டிக்.

"மா." தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதைப் போல. "மா, யாரு..."

"உள்ளே."

பொறுத்தாள்.

"வெளியே."

ஏதோ உடைந்தது. தரையில் சின்னதாக ஒன்று விழுந்து, துள்ளி, உருண்டு, அவள் கால் விரலில் வந்து முட்டி நின்றது. கிளினிக்கில் எஃகுத் தட்டில் தினமும் விழும் சத்தம். அதை அவளால் வேறு எதுவாகவும் நினைத்துக்கொள்ள முடியவில்லை.

கண்ணைத் திறந்தாள்.

பிராண்டன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் தொடைகள் தரையோடு அழுந்தியிருந்தன, மடிமேல் யாரோ ஏறி உட்கார்ந்ததைப் போல. இரண்டு கைகளும் பாயோடு ஒட்டிக் கிடந்தன. மணிக்கட்டில் விரல் பதிந்த பள்ளங்கள். விரல்கள் இல்லை. அவன் முன்னால் ஒருவரும் இல்லை. ஒரு கண் மூடிப்போயிருந்தது. வாயிலிருந்து நெஞ்சுவரை கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது. சிறு விளக்கில் சிவப்பு அப்படித்தான் தெரிந்தது.

சுற்றிலும் இருபது முகங்கள். மூடிய கண்கள். மலர்ந்த முகங்கள். ஆரிஃபாவின் கன்னத்தில் ஒரு துளி ரத்தம் தெறித்து வழிந்தது. "ஈரம்," என்றாள் ஆரிஃபா.

"உள்ளே," என்றார் சுகுமாறன். எல்லாரும் மூச்சை இழுத்தார்கள்.

குளோரியா கத்தினாள். "பிராண்டன்!"

அவன் தாடை ஒரு பக்கமாகத் திரும்பியது. திரும்பி, அப்படியே நின்றுவிட்டது.

எல்லாரும் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்கள். விட்டவள் அவள் ஒருத்திதான்.

வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெளியே."

இருபது பேர் விட்டார்கள். பிராண்டனின் தலை பின்னால் போனது, முன்னால் வந்தது. விலாவில் சட்டை குழிந்தது. டிக். கன்னத்தில் சின்னதாக ஒரு வெட்டு திறந்தது.

எழப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே கால்கள் மரத்துக் கிடந்தன. கையூன்றித் திரும்பி சிரிலின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் தலை ஆடியது. புன்னகை ஆடவில்லை. கன்னத்தில் அறைந்தாள். அவளுடைய கை அவன் கன்னத்தில், முதன்முறையாக.

"தொடுதல்," என்றான் சிரில் அமைதியாக.

அவன் மூக்கை ஒரு கையால் பிடித்தாள். இன்னொரு கையால் வாயை அடைத்தாள். தன் எடை முழுவதையும் போட்டு அழுத்தினாள்.

"உள்ளே. வெளியே."

அடிகள் விழுந்தன. டிக் இல்லை.

பிராண்டனின் வலது கை பாயிலிருந்து விடுபட்டுத் துவண்டு மடியில் விழுந்தது.

சிரில் தடுக்கவில்லை. அவன் கைகள் மல்லாந்தபடி முட்டிகளின் மேலேயே இருந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. நெஞ்சு குதித்தது. மூடிய இமைக்குள் கண்கள் அலைந்தன. உள்ளே இதற்கும் அவன் ஏதோ ஒரு பெயர் சொல்லிக்கொண்டிருப்பான். அவள் இன்னும் அழுத்தினாள். கைக்குள் அவன் உதடுகள் சூடாக இருந்தன. பாயைப் போலவே.

"உள்ளே. வெளியே."

நூர் முகம்மது விட்டார். இராஜம்மா விட்டாள். கதவோரத்துப் புது ஆளும் விட்டான். பிராண்டன் ஒருமுறை இருமினான். ஏதோ தரையில் சிதறியது.

மணி சுகுமாறனின் மடியில் இருந்தது. வளையத்தின் அந்தப் பக்கம். கையை எடுத்தால் சிரில் விடுவான். இத்தனை நேரம் தேக்கியதை எல்லாம் ஒன்றாக விடுவான்.

இரண்டே கைகள். இரண்டும் அவன் முகத்தில்.

அவள் வாயைப் பொத்த ஒரு கை இல்லை.

உதட்டைக் கடித்தாள். கன்னம் உப்பியது. நெஞ்சுக்குள் தீ ஏறியது. காதுக்குள் இரைந்தது. கண் ஓரங்கள் கறுத்தன. நடுவில் பிராண்டன் மட்டும் மிஞ்சினான். திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அவன் அப்பாவைப் பார்க்கவில்லை. சுற்றி இருந்தவர்களைப் பார்க்கவில்லை.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றார் சுகுமாறன். "இப்ப கடைசியா ஒண்ணு. நல்லா விடுங்க. உள்ள ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

அவள் உதடு பிரிந்தது.

பிராண்டன் அவளைப் பார்த்துக்கொண்டே, விடுபட்ட வலது கையின் முழங்கையை மெல்ல முகத்துக்கு நேரே தூக்கினான்.